51-ஆ, 60-ஆ? அமெரிக்க காங்கிரஸில் வரி மசோதா போகும் வழி

அமெரிக்காவின் வரி, செலவு மசோதாக்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் கீழவை என்றால் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை. செனட் என்றால் மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 பேர். இரண்டும் சேர்ந்த நாடாளுமன்றம்தான் காங்கிரஸ்.

கேள்வி: 2024-ல் ஒரு வரி மசோதா கீழவையில் 357-க்கு 70 என்று அமோகமாக ஜெயித்ததே, அப்புறம் அது என்ன ஆனது?

செனட் வாசலிலேயே படுத்துவிட்டது. குழந்தைகளுக்கான வரிச் சலுகையைக் கொஞ்சம் கூட்டுவது, கம்பெனிகள் ஆராய்ச்சிக்குச் செய்யும் செலவை அந்தந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ள விடுவது, இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய மசோதா அது. அப்போது கீழவை குடியரசுக் கட்சியிடம், செனட் ஜனநாயகக் கட்சியிடம். கீழவை வரிக்குழுத் தலைவர் ஜேசன் ஸ்மித்தும் செனட் நிதிக்குழுத் தலைவர் ரான் வைடனும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். இருவரும் உட்கார்ந்து பேசி முடித்த பேரம். ஜனவரி 31 அன்று கீழவை அதை நிறைவேற்றியது. செனட்டில் ஆகஸ்ட் 1 அன்றுதான் வாக்கெடுப்புக்கு வந்தது. அதுவும் மசோதா மீதல்ல, மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற விவாதத்தை முடிப்பதன் மீது. ஆதரவு 48, எதிர்ப்பு 44. தேவைப்பட்டது 60.

செனட் நிதிக்குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்தவரான மைக் கிரேப்போவுக்கு, வருமானம் குறைந்த ஆண்டில் முந்தைய ஆண்டு வருமானத்தைக் காட்டிக் குழந்தைச் சலுகை வாங்கலாம் என்ற பிரிவு பிடிக்கவில்லை. நவம்பர் தேர்தலில் செனட் கைமாறினால் இதைவிட நல்ல பேரம் கிடைக்கும் என்ற கணக்கும் அந்தப் பக்கம் இருந்தது. கணக்கு பலித்தது. உள்நாட்டு ஆராய்ச்சிச் செலவுச் சலுகை 2025-ன் பெரிய வரிச் சட்டத்தில் நிரந்தரமாகவே வந்துவிட்டது. அவை பிளவுபட்டிருக்கும்போது பேரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கோபம் அல்ல, 'பொறுத்திருந்தால் லாபம்' என்ற எண்ணம்தான்.

கேள்வி: 51 பேர் இருந்தால் பெரும்பான்மை. 60 எங்கிருந்து வந்தது? அரசியல் சாசனத்திலா?

சாசனத்தில் இல்லை. செனட்டின் சொந்த விதிகளில் 22-வது. விவாதத்துக்கு அங்கே இயல்பாகக் கால வரம்பு கிடையாது. அதை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு 'குளோச்சர்' என்று பெயர். 1917-ல் வந்தபோது வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றார்கள். 1975-ல் அதை மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்காக்கினார்கள். மொத்த உறுப்பினர்களில் என்பதைக் கவனியுங்கள். ஊரில் இல்லாதவரும் எதிர்த்து வாக்களித்த மாதிரிதான். மேலே சொன்ன 48–44-ல் 44 பேர் என்பது ஒரு அலங்காரம். எதிரணி முழுக்க வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் முடிவு அதேதான்.

நடைமுறையில் இது நாட்களைத் தின்னும். 16 செனட்டர்கள் கையெழுத்திட்ட மனு இன்று வந்தால், நடுவே ஒரு வேலை நாள் விட்டு அதற்கடுத்த நாள்தான் வாக்கெடுப்பு. ஜெயித்த பிறகும் 30 மணி நேரம் வரை பேசலாம். இதை மசோதாவை எடுத்துக்கொள்ள ஒருமுறை, மசோதாவை முடிக்க இன்னொருமுறை செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் முரண்டு பிடித்தாலே ஒரு வாரம் போய்விடும். எல்லோரும் சம்மதித்தால் இதே வேலை பத்து நிமிடம்.

கேள்வி: வரி மசோதா கீழவையில்தான் பிறக்க வேண்டுமாமே. செனட் முந்திக்கொண்டால் என்ன செய்வார்கள்?

நீல நிறத் தாளில் ஒரு தீர்மானம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பேச்சுவழக்கில் அதற்கு 'நீலச் சீட்டு' என்றே பெயர். சாசனத்தின் முதல் பிரிவு, 7-வது உட்பிரிவு சொல்வது: வருவாய் திரட்டும் மசோதா கீழவையில் தொடங்க வேண்டும், செனட் திருத்தலாம்.

'திருத்தலாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு யானையே நுழையும். கீழவை ஏற்கனவே அனுப்பிய ஏதாவது ஒரு வரி மசோதாவை எடுத்து, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மொத்த வாசகத்தையும் அடித்துவிட்டுத் தன் மசோதாவை 'திருத்தம்' என்று செனட் ஒட்டிவிடும். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மசோதா எண் எச்.ஆர். 3590. அந்த எண்ணில் கீழவை அனுப்பியது ராணுவத்தினரின் வீடு சம்பந்தப்பட்ட வரிச் சலுகை. ஓடு மட்டும் மிஞ்சியது, உள்ளே இருந்த நத்தை வேறு. அதனால் மசோதாவின் பெயரைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கடைசியாக ஒட்டப்பட்ட திருத்தத்தின் வாசகத்தைப் பாருங்கள்.

கேள்வி: நம் ராஜ்யசபா பண மசோதாவைத் தடுக்க முடியாது. அமெரிக்க செனட்டால் மட்டும் எப்படி முடிகிறது?

இந்தியாவில் 109-வது பிரிவு ராஜ்யசபாவுக்கு 14 நாள்தான் கொடுக்கிறது. அதற்குள் திருப்பாவிட்டால் நிறைவேறியதாகவே அர்த்தம். அமெரிக்காவில் அப்படி மீறிச் செல்லும் வழியே எழுதப்படவில்லை. இரண்டு அவையும் ஒரே வாசகத்துக்கு, எழுத்து பிசகாமல், சம்மதிக்க வேண்டும். கூட்டுக் கூட்டம் நடத்தித் தலையெண்ணித் தீர்க்கும் வழியும் இல்லை.

கேள்வி: ஆனால் 2025-ல் பெரிய வரிச் சட்டம் செனட்டில் 51–50 என்றுதானே ஜெயித்தது? 60 எங்கே போனது?

பக்கவாசல் வழியாகப் போனது. அந்த வாசலின் பெயர் 'ரீகன்சிலியேஷன்'. 1974 பட்ஜெட் சட்டம் திறந்துவைத்தது, 1980-ல் முதன்முதலாகப் பயன்பட்டது. இந்த வழியில் வரும் மசோதாவுக்கு செனட்டில் விவாதம் 20 மணி நேரம்தான். நேரம் முடிந்ததும் வாக்கெடுப்பு வந்தே தீரும் என்பதால் குளோச்சரே வேண்டாம். சாதாரணப் பெரும்பான்மை போதும், சரிசமமானால் துணை ஜனாதிபதி உடைக்கலாம்.

ஆனால் இந்த வாசலுக்குச் சாவி வேண்டும். சாவி என்பது இரு அவைகளும் ஒரே வாசகத்தில் ஏற்கும் பட்ஜெட் தீர்மானம். 2025-ல் கீழவை பிப்ரவரி 25 அன்று 217–215 என்று ஒன்றை நிறைவேற்றியது. செனட் அதை மாற்றி ஏப்ரல் 5 அன்று 51–48 என அனுப்பியது. ஏப்ரல் 10 அன்று கீழவை 216–214 என அதை ஏற்றது. இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடமே இருந்தும் சாவி செய்யவே ஆறு வாரம். அப்போதும் ஒத்துப்போகவில்லை. ஒரே தீர்மானத்துக்குள் இரு அவைகளின் குழுக்களுக்கும் வேறு வேறு எண்களை எழுதிவைத்துச் சண்டையைத் தள்ளிப்போட்டார்கள். கீழவை வரிக்குழு 10 ஆண்டுகளில் பற்றாக்குறையை 4.5 லட்சம் கோடி டாலர் வரை கூட்டலாம், எரிசக்தி–வணிகக் குழு குறைந்தது 88,000 கோடி டாலர் மிச்சம் பிடிக்க வேண்டும். செனட்டில் சில குழுக்களுக்கு வெறும் 100 கோடி டாலர் மிச்சம் என்று பெயருக்கு ஒரு எண்.

எண் வந்ததும் ஒவ்வொரு குழுவும் தன் பங்கை எழுதும். பட்ஜெட் குழு அவற்றைச் சேர்த்துத் தைக்கும், வாசகத்தைத் தொட அதற்கு அதிகாரம் கிடையாது. கீழவையின் அந்தத் தையல் கடையிலேயே 2025 மே 16 அன்று மசோதா 16–21 என்று தோற்றது. செலவைப் போதுமான அளவு வெட்டவில்லை என்று சொந்தக் கட்சிக்காரர்களே காலை வாரினார்கள். இரண்டு நாள் கழித்து, ஞாயிறு இரவில், அந்த எதிர்ப்பாளர்களில் நான்கு பேர் ஆதரிக்காமல், எதிர்க்காமல், 'இருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்தார்கள். 17–16, தேறியது. கீழவைப் பக்கம் வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். எனவே ஒருவர் ஒதுங்கி நின்றாலே பாதி உதவி. செனட்டின் 60-க்கு இந்த உதவி செல்லாது என்பதை மேலே பார்த்தோம். மே 22 அன்று முழு அவையில் 215–214, அதிலும் ஒருவர் 'இருக்கிறேன்' மட்டும்.

கேள்வி: பக்கவாசல் இருக்கும்போது எல்லா மசோதாவையும் அதன் வழியாகவே கொண்டுபோகலாமே?

வாசலில் காவலுக்கு ஆள் இருக்கிறார். மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பைர்ட் பெயரால் வந்த விதி அது. 1985-ல் நுழைந்து 1990-ல் நிரந்தரமானது. ஒரு பிரிவு அரசின் வரவையோ செலவையோ மாற்றாவிட்டால் வெளியே. மாற்றினாலும், அந்தப் பண விளைவு கொள்கை மாற்றத்தின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு வந்தது மட்டுமே என்றால் வெளியே. பட்ஜெட் தீர்மானம் எடுத்துக்கொண்ட ஆண்டுகளுக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டினாலும், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத் திட்டத்தில் கை வைத்தாலும் வெளியே. இன்னும் இரண்டு சோதனைகள் குழுவின் அதிகார எல்லை, அதற்குக் கொடுத்த எண் பற்றியவை.

தீர்ப்பு சொல்பவர் சபை விதி ஆலோசகர். இந்தப் பதவியில் 2012 முதல் எலிசபெத் மெக்டோனோ. அவையில் வருவதற்கு முன்பே இரு கட்சி ஊழியர்களும் மசோதாவைப் பிரிவு பிரிவாக அவர் முன் வைத்து வாதாடுவார்கள். அங்குள்ளவர்கள் இதை 'பைர்ட் குளியல்' என்கிறார்கள். 2021-ல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி இந்தக் குளியலில் கரைந்தது. 2022-ல் தனியார் காப்பீட்டிலும் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற பிரிவுக்கு விலக்கு கேட்டார்கள். 57 பேர் ஆதரித்தும் போய்விட்டது. பைர்ட் விதிக்கு விலக்கு வேண்டுமென்றால் மறுபடி அதே 60!

இந்த விதியின் பின்விளைவை வரி கட்டும் ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். 2001-ல் புஷ் கொண்டுவந்த வரிக்குறைப்பு 2010 கடைசியில் காலாவதியாகும்படி எழுதப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். காலாவதித் தேதி உள்ள வரிச் சட்டம் அங்கே அடிக்கடி கண்ணில் படுவதும் இதனால்தான்.

கேள்வி: செனட்டில் விடிய விடிய வாக்கெடுப்பு நடந்தது என்று படித்தேன். எதற்கு அந்த வதை?

20 மணி நேரம் என்பது விவாதத்துக்குத்தான், திருத்தங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. நேரம் தீர்ந்த பிறகும் திருத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிடப் பேச்சு, உடனே வாக்கு. 'வோட்-எ-ராமா' என்கிறார்கள். 2025-ல் இது 26 மணி நேரத்தைத் தாண்டியது. அதற்கு முன்பே, சுமார் 940 பக்க மசோதாவை முழுக்க வாசிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி பிடிவாதம் பிடித்ததில், எழுத்தர்கள் மாறி மாறி ஏறக்குறைய 16 மணி நேரம் சத்தமாகப் படித்தார்கள். பெரும்பாலான திருத்தங்கள் தோற்பதற்காகவே கொடுக்கப்படுபவை. அடுத்த தேர்தல் விளம்பரத்தில் எதிராளி இன்னதை எதிர்த்து வாக்களித்தார் என்று காட்ட வேண்டுமே. ஆனால் சில நிஜமாகவே ஜெயிக்கும். செயற்கை நுண்ணறிவை மாநிலங்கள் கட்டுப்படுத்துவதற்குத் தடை போடும் பிரிவு அன்று 99–1 என்று தூக்கி எறியப்பட்டது.

கேள்வி: ஒரு எழுத்து மாறினாலும் மறுபடியும் கீழவைக்குப் போகுமா?

போகும். 2017 டிசம்பர் 19 அன்று கீழவை வரிச் சட்டத்தை 227–203 என நிறைவேற்றிக் கைதட்டியும் முடிந்தது. அன்றிரவே செனட்டில் பைர்ட் விதிக்கு ஒவ்வாத சில துண்டுகள் நறுக்கப்பட்டன. அதில் ஒன்று சட்டத்தின் பெயர். பெயரால் அரசுக்கு வரவும் இல்லை செலவும் இல்லையே! மறுநாள் கீழவை மறுபடி கூடி 224–201 என்று வாக்களித்தது. 2025-லும் அதே கதை. 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' என்ற பெயர் சட்ட வாசகத்தில் இல்லை, செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர் சூமர் எழுப்பிய ஆட்சேபத்தில் போய்விட்டது. அந்த வாசகத்தைக் கீழவை அப்படியே ஜூலை 3 அன்று 218–214 என ஏற்றது. மாற்றியிருந்தால் மீண்டும் செனட், மீண்டும் ஓர் இரவு. ஜூலை 4 அன்று கையெழுத்து.

கேள்வி: இரு அவைகளும் வேறு வேறு கட்சியிடம் இருந்தால் ரீகன்சிலியேஷன் சாத்தியமே இல்லையா?

1981-ல் நடந்திருக்கிறது. செனட் ஜனாதிபதி ரீகனின் குடியரசுக் கட்சியிடம், கீழவை ஜனநாயகக் கட்சியிடம். ஆனால் அன்று தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் ரீகன் பக்கம் சாய்ந்தார்கள். அந்த மாதிரி ஆட்கள் இன்று இரு கட்சிகளிலும் அருகிவிட்டார்கள். எனவே இப்போது பிளவுபட்ட காங்கிரஸில் சாவியே செய்ய முடியாது, முன்வாசலில் 60-தான்.

அந்த முன்வாசல் எப்போது திறக்கும் என்பதற்கு 2013 புத்தாண்டு நல்ல பாடம். புஷ் வரிக்குறைப்புகள், நடுவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, 2012 டிசம்பர் 31 நள்ளிரவில் முடிகின்றன. செனட் ஜனநாயகக் கட்சியிடம், கீழவை குடியரசுக் கட்சியிடம். சபாநாயகர் போனர், 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் வரி ஏறட்டும் என்று ஒரு மாற்றுத் திட்டம் வைத்தார். சொந்தக் கட்சியிலேயே வாக்கு தேறாமல் டிசம்பர் 20 அன்று திரும்பப் பெற்றார். கடைசியில் துணை ஜனாதிபதி பைடனும் செனட் சிறுபான்மைத் தலைவர் மெக்கானலும் பேசி முடித்தார்கள். தனிநபர் 4 லட்சம், தம்பதி 4.5 லட்சம் டாலருக்கு மேல் 39.6 சதவீதம். கீழவை ஆகஸ்டில் அனுப்பியிருந்த எச்.ஆர். 8 என்ற மசோதாவுக்குள் இதைத் திணித்தார்கள். ஜனவரி 1 அதிகாலை செனட் 89–8. அன்றிரவு கீழவை 257–167.

இங்கே ஒரு எண்ணை உற்றுப் பாருங்கள். குடியரசுக் கட்சியில் ஆதரவு 85, எதிர்ப்பு 151. சபாநாயகர் தன் கட்சியின் பெரும்பான்மை எதிர்த்த மசோதாவை, எதிர்க்கட்சியின் 172 வாக்கை நம்பி அவைக்குக் கொண்டுவந்தார். பிளவுபட்ட காங்கிரஸில் ஒரு மசோதாவின் தலையெழுத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாக்கு இருக்கிறதா என்பது அப்புறம், அதை அவைக்குக் கொண்டுவர சபாநாயகர் தன் நாற்காலியைப் பணயம் வைப்பாரா என்பதே முதல் கேள்வி. அதற்கு அவரைத் தள்ளுவது காலக்கெடு. நள்ளிரவுக்குப் பிறகு சட்டப்படி எல்லோருக்கும் வரி ஏறிவிட்டிருந்ததால், ஒரு நாள் முன்பு 'வரி உயர்வு' என்று எதிர்த்த அதே மசோதா மறுநாள் 'வரிக் குறைப்பு' ஆகிவிட்டது. 2023-ல் கடன் உச்சவரம்பு நெருக்கடியிலும் இதே மாதிரிதான். கீழவையில் 314–117, செனட்டில் 63–36.

கேள்வி: மசோதாவால் வரவு, செலவு எவ்வளவு மாறும் என்று 'ஸ்கோர்' போடுவது யார்?

செலவுக்கு காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், வரிக்கு 1926 முதல் இருக்கும் கூட்டு வரிக்குழுவின் ஊழியர்கள். இருவரும் கட்சி சாராதவர்கள். சிக்கல் அவர்கள் கணக்கில் இல்லை, எதோடு ஒப்பிடச் சொல்கிறோம் என்பதில். இன்றைய சட்டம் சொன்னபடி சலுகை காலாவதியாகும் என்று வைத்துக்கொண்டால் 2025 சட்டம் 10 ஆண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டுகிறது. சலுகை எப்படியும் தொடரும் என்று வைத்துக்கொண்டால் அதே சட்டம் பற்றாக்குறையைக் குறைப்பது போலத் தெரியும். செனட் பெரும்பான்மை இரண்டாவது அளவுகோலை எடுத்துக்கொண்டது. பத்திரிகையில் ஒரே மசோதாவுக்கு இரண்டு எண் பார்த்தால் முதலில் எந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள்.

கேள்வி: ஜூலையில் இவ்வளவு பெரிய சட்டம் போட்டார்கள். அக்டோபரில் அரசாங்கமே மூடிக்கிடந்ததே?

இரண்டும் வேறு குழாய். ஜூலைச் சட்டம் வரிகளையும், மருத்துவ உதவி போன்ற தானாக ஓடும் செலவுகளையும் தொட்டது. அலுவலகச் செலவு, பெரும்பாலான ஊழியர் சம்பளம் எல்லாம் ஆண்டுதோறும் 12 ஒதுக்கீட்டு மசோதாக்களில் வருபவை. நிதியாண்டு அக்டோபர் 1 தொடங்குகிறது. அதற்குள் ஒதுக்கீடோ தற்காலிக நீட்டிப்போ வராவிட்டால் ஷட்டர் இறங்கும். அந்த மசோதாக்களுக்கு முன்வாசல்தான், 60 வேண்டும். 2025-ல் 43 நாள் கழித்து, எதிரணியிலிருந்து சிலர் வந்து 60–40 ஆனபோதுதான் பூட்டு திறந்தது. நவம்பர் 12 அன்று கையெழுத்தானது.

கேள்வி: கிடப்பில் கிடக்கும் மசோதா எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஒரு காங்கிரஸின் ஆயுள் அவ்வளவுதான், அது முடியும்போது சட்டமாகாத எல்லாம் செத்தவை. புதிய எண்ணில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: ஜனாதிபதி பிடிக்காத வரியை மட்டும் அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட முடியுமா?

முடியாது. 1996-ல் அப்படி ஒரு அதிகாரத்தைக் காங்கிரஸே கொடுத்தது, 1998-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. முழுதாகக் கையெழுத்து அல்லது முழுதாக வெட்டோ. அதற்கு ஞாயிறு நீங்கலாக 10 நாள். வெட்டோவை மீற இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒதுக்கிய பணத்தைத் திரும்ப எடுக்க ஆசைப்பட்டால் 1974 சட்டப்படி காங்கிரஸிடம் கேட்கலாம். 45 நாளுக்குள் இரு அவையும் சம்மதிக்க வேண்டும், செனட்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2025 ஜூலையில் சுமார் 900 கோடி டாலர் இப்படித் திரும்பியது, வெளிநாட்டு உதவியிலிருந்தும் பொது ஒலிபரப்பிலிருந்தும். அடுத்த ஒதுக்கீட்டு மசோதாவுக்கு 60 வாக்கு தேடி எதிரணியின் வீட்டுப் படி ஏறியபோது முதலில் கேட்கப்பட்ட கேள்வி: 'இன்று கொடுப்பதை நாளை 51 வாக்கில் பிடுங்கமாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?'